விளக்குக்காரி நகர்ந்த பதினொரு கட்டம்

வெள்ளிக்கிழமை, காலை

சுண்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நீ அங்கே சௌக்கியமா என்று கேட்க வேண்டிய இடம் இது, நான் கேட்கப் போவதில்லை. நீ சௌக்கியமாக இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் செய்தால் எடுப்பதில்லை, மெயில் அனுப்பினால் திறந்து பார்த்த அடையாளமே இல்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு எழுதத் தெரிந்தது சர்வீஸ் ரிப்போர்ட் ஒன்று, வலைப்பூவில் பொம்மைப்படை ஆட்டத்துக்குப் போர் அறிக்கை ஒன்று, அவ்வளவுதான். இதையும் வலைப்பூவில்தான் அடிக்க ஆரம்பித்தேன், பாதியில் அழித்துவிட்டேன். போன தடவை உனக்கு முதலில் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை நீ ஊரோடு சேர்ந்து வலைப்பூவில் படிக்கும்படி செய்தேன். இந்தத் தடவை உனக்குத்தான் முதலில்.

'கட்டைவிரல் சேனை' வலைப்பூ தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. நீயும் நானும் சேர்ந்து பெயர் வைத்தபோது உனக்குப் பத்து, எனக்கு முப்பது, பொம்மைப்படை விற்கிற கடைக்காரர் என்னை உன் அண்ணன் என்று நினைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பதிவு எழுதியிருக்கிறேன். ஒரு பதிவை சராசரியாக முப்பது பேர் படிக்கிறார்கள், அதில் பாதி மனுஷனே இல்லை, ஏதோ இயந்திரம் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது. மீதிப் பேர் கட்டைவிரல் உயர சிப்பாயின் சட்டைப் பொத்தான் பித்தளையா வெள்ளியா என்று வாரக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள். ஜெயித்த ஆட்டத்தை எழுதினால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், படுதோல்வி அடைந்து எழுதினால் பின்னூட்டம் குவியும். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பகடை உருட்டும்போது நம் கண் பகடையில்தான் இருக்கும், மேசையில் என்ன நடந்தது என்பது பிறகு படத்தைப் பார்த்தால்தான் தெரியும். குதிரைக்காரன் விழுந்து கிடப்பான், ஆடும்போது இரண்டு பேருமே கவனித்திருக்க மாட்டோம். அதனால்தான் மேசைக்கு நேர் மேலே கேமரா மாட்டினேன். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கு ஒரு படம், நாளைக்குப் பன்னிரண்டு, வெளியாருக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரில் போய் விழும். அந்த ஃபோல்டரை உருவாக்கிக் கொடுத்ததே நீதான், பதினாறு வயதில், பாஸ்வேர்டும் நீ வைத்ததுதான். நான் அதை மாற்றவில்லை. சோம்பேறித்தனம்.

என் தப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நீ படிக்கக் கிளம்பி ஆறாவது நாள் உன் கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டு அதே இடத்தில் மேசையைப் போட்டேன். அளந்து பார்த்தேன், கச்சிதமாக இருந்தது, எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. அன்றைக்கே 'கடைசியில் எனக்கென்று ஒரு தனி அறை' என்று தலைப்பு வைத்துப் பதிவும் போட்டேன். நாற்பத்தேழு பின்னூட்டம், என் பதிவுகளிலேயே அதிகம். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உன் அம்மா அன்றைக்குச் சொன்னாள், "ஏங்க, அவ ரயில் டிக்கெட் வந்த கவர்கூட இன்னும் குப்பைக்குப் போகல, அதுக்குள்ள ரூமைப் புடிச்சிட்டீங்களே." நான், காலியாகக் கிடக்கிற இடத்தைப் பயன்படுத்தினால் என்ன குற்றம் என்று திருப்பிக் கேட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவசரக்காரனுக்கு அந்த மட்டும்கூட இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். விளக்குக்காரியை உனக்கு ஞாபகமிருக்கும், நீ முதன்முதலில் சாயம் பூசிய பொம்மை. எந்தப் படையிலும் சேராதவள், நீலப் பாவாடை, கையில் லாந்தர், முகத்தில் கண் கிடையாது. கண் வைக்கச் சொன்னதற்கு, "வெச்சா அவ பார்ப்பாப்பா, வேணாம்" என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டாய். அவளுக்கென்று சட்டமும் எழுதினாய். எந்த ஆட்டமானாலும் அவள் மேசையின் நடுவில் நிற்க வேண்டும், யாரும் அவளைச் சுடக் கூடாது, நகர்த்தக் கூடாது, அவள் மேசையை விட்டுப் போய்விட்டால் ஆடுகிற இரண்டு பேருமே தோற்றார்கள். ஒன்பது வருஷமாக எனக்கு எதிர்ப்படை ஆடுகிற மருந்துக்கடைக்காரரும் நானும் அதைத் தட்டியதில்லை. இப்போது நடக்கிற கோட்டை முற்றுகையிலும் பன்னிரண்டாவது கட்டத்தில்தான் அவளை நிறுத்தினோம், அங்கிருந்து கதவுப் பக்க விளிம்புக்கு இன்னும் பன்னிரண்டு கட்டம். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால்தான் ஆட்டம், நடுவில் யாரும் மேசையைத் தொடக் கூடாது. போன வாரம் திங்கட்கிழமை மத்தியானம் வலைப்பூவில் பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் வந்தது. 'விளக்குக்காரி ஏன் நகர்ந்தாள்?' கிறுக்கன் எவனோ என்று அழித்தேன், மாடி ஏறிப் பார்க்கக்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை 'இன்னும் ஒன்று' என்று வந்தது. புதன்கிழமை 'மூன்று'. அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மூன்று கட்டம் நகர்ந்திருந்தாள். சிப்பாய் ஒருவன்கூட அசையவில்லை, மேசைப் புழுதி கலையவில்லை, அவள் மட்டும் கதவுப் பக்கமாக மூன்று கட்டம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு படமும் வெளியிடவில்லை. வெளியிடாததைப் பார்த்து ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை அம்மா பெரியம்மா வீட்டுக்குக் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள், மறுநாள்தான் வருவதாக ஏற்பாடு. வீட்டைப் பூட்டி இரண்டு சாவியையும் நானே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பதினான்காவது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் பிரேக் கழற்றிக்கொண்டிருந்தேன். பதினொன்று அடித்து இரண்டு நிமிஷம், போனில் பின்னூட்டம்: 'வீட்டில் யார் இருக்கிறார்கள்?' கை எண்ணெயோடு அப்படியே நின்றேன். பன்னிரண்டு ஒன்றுக்கு அடுத்தது: 'அவள் என்னைப் பார்க்கிறாள்.' வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பூட்டு பூட்டியபடி. ஜன்னல்கள் உள்தாழ்ப்பாள் போட்டபடி. மாடியில் நல்ல வெயில், அறை முழுக்க வெளிச்சம், பயப்பட ஒரு மூலைகூட இல்லாத அறை. அவள் நான்காவது கட்டமும் நகர்ந்திருந்தாள், கதவைப் பார்த்து இல்லை, திரும்பியிருந்தாள், முகம் கேமராவுக்கு நேராக, லாந்தர் பிடித்த கை முன்னால். பதினொரு மணிப் படத்தில் மூன்றில், பன்னிரண்டு மணிப் படத்தில் நான்கில், நடுவில் படம் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இங்கே இருட்டே இல்லை, என்ன சொல்வது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அந்த அறையிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு என் மேல் பாய்ந்தார். அதற்குள் ஏழு கட்டம். "தம்பி, தோக்குற ஆட்டத்தைக் கலைக்கறதுக்கு நேர்மையா மேசையைக் கவுத்துட்டுப் போயிருக்கலாமே, பொம்பளை பின்னாடி ஏன் ஒளியுற" என்றார். நான் தொடவில்லை என்றேன். "அப்ப உங்க வீட்டு விளக்குக்காரிக்குக் கால் மொளச்சிருக்கு, மாத்திரை எழுதித் தரட்டா" என்று சிரித்தார். சிரித்தவர் அவளைப் பழைய இடத்தில் வைக்கக் கை நீட்டி, வைக்காமல் கையை இழுத்துக்கொண்டார். அன்று ஆடாமலே போய்விட்டார். நான் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்தேன். கீழே அம்மாவின் தையல் மெஷின் ஓடினால் அதிர்வில் பொம்மை நகரும் என்று கணக்குப் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மேசை சாய்வுதான், ஆனால் ஜன்னல் பக்கம் சாய்வு. அதிர்வில் நகர்ந்தால் அவள் ஜன்னல் பக்கம் இறங்க வேண்டும். கதவுப் பக்கம் மேடு. மேட்டில் ஏறியிருக்கிறாள். அந்த வியாழக்கிழமை மெஷின் ஓட்ட அம்மாவும் வீட்டில் இல்லை.

நேற்று முன்தினம், புதன்கிழமை, கேமராவை நிமிஷத்துக்கு ஒரு படம் என்று மாற்றினேன், அவை என் கம்ப்யூட்டருக்கு மட்டும் வரும்படி, ஃபோல்டருக்குப் பழையபடி மணிக்கு ஒன்று. மாற்றும்போதுதான் ஃபோல்டரின் வருகைப் பதிவைத் திறந்தேன், நீ அதை உருவாக்கிய மூன்று வருஷத்தில் ஒருநாளும் திறந்ததில்லை. என்னைத் தவிர இன்னொருவர். உன் ஊர். ஒவ்வொரு படமும் வந்து விழுந்த ஒரு நிமிஷத்துக்குள் திறக்கப்பட்டிருக்கிறது. ஏழு மணிப் படம், எட்டு மணிப் படம், ஒன்பது, பத்து, பதினொன்று, வரிசையாக ஆறு வரை. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, நாற்பத்தொரு நாள், ஒரு படம் விடவில்லை. உனக்கு ஒன்பதிலிருந்து நான்கு வரை வகுப்பு. சுண்டு, விளக்குக்காரி நகர்ந்ததற்குக்கூட நான் இப்படிப் பயப்படவில்லை. எங்கேயோ ஒரு அறையில் என் பெண் கதவைச் சாத்திக்கொண்டு, வகுப்புக்குப் போகாமல், ஒரு காலி அறையின் படம் வருவதற்காக மணிக்கு மணி காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்தக் காலி அறை அவளுடையது, அவள் கட்டில் இருந்த இடத்தில் என் மேசை. இத்தனை நாளும் வீட்டில் ஏதோ உலாவுகிறது என்று நான் தேடியது உன்னைத்தான். நீ பயந்து பயந்து எழுதியதை நான் கிறுக்கன் என்று அழித்திருக்கிறேன்.

மீதியை அம்மா சொன்னாள். நேற்று பதினொன்று பத்துப் படத்தில் ஒரு கை, நீல ரப்பர் வளையல் போட்ட கை, ஊசி குத்திய விரல், விளக்குக்காரியை ஒரு கட்டம் தள்ளுகிறது. படத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிரவே இல்லை. "போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அவ கடைசியா பேசுனா, ஞாபகம் இருக்கா? என்ன சொல்லிட்டு வெச்சா?" என்றாள். நல்லா இருக்கேன்பா, கிளாசுக்கு நேரமாச்சு, என்று சொன்னாய், எனக்கு ஞாபகம் இருந்தது. "ஞாயித்துக்கிழமை என்னங்க கிளாஸ்?" என்றாள். நான் அந்தப் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒரு பீரங்கிக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அவள் என்னிடம் மூன்று தடவை சொன்னாளாம், நான் உம் கொட்டினேனாம். "போன் வராத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். விளிம்புக்குப் போனா ரெண்டு பேரும் தோத்தீங்கன்னு அவதானே எழுதி வெச்சா. உங்களுக்குப் புரியிற பாஷை அது ஒண்ணுதான், வேற எப்படிச் சொல்றது நான்?" என்றாள். கேமரா மணிக்கு ஒருதரம்தான் படம் எடுக்கும் என்று தெரியாது, தன் கை படத்தில் விழுந்திருக்கும், நான் அன்றன்றைக்குப் பார்த்துவிட்டுக் கேட்பேன் என்றுதான் காத்திருந்தாளாம். நீ பார்க்கிறாய் என்பதும் அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டாள். பாவி, என் பிள்ளையையா பயமுறுத்தினேன் என்று முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

இத்தோடு கணக்கு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. முடியவில்லை. அம்மா நகர்த்தியது பத்து கட்டம், தையல் நோட்டில் நாள்வாரியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள், பொய் சொல்கிறவள் இல்லை. விளக்குக்காரி நகர்ந்தது பதினொன்று. போன வார வியாழக்கிழமைக் கட்டம் அம்மாவுடையது இல்லை, அவள் அப்போது பெரியம்மா வீட்டில், பெரியம்மாவிடம் நானே கேட்டுவிட்டேன். என்னுடையதும் இல்லை. விளக்குக்காரியைத் திருப்பி வைத்ததும் யாரும் இல்லை. அந்த ஒரு கட்டத்துக்கு என்னிடம் பதில் கிடையாது, எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் பொத்தானை அமுக்காமலே லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்று கதவைத் திறக்கிறது என்று புகார் வரும். போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மட்டமான ஆள் 'கோளாறு தென்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஒழுங்கான ஆள் ஒரு ஸ்டூலையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்காருவான், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அது தானாக நிற்கிறவரை கூடவே இருப்பான். நீ கிளம்பிப் போன பதினான்கு மாதமாக உன் ஒவ்வொரு போனுக்கும் 'கோளாறு தென்படவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

அதனால் நேற்று சாயங்காலம் மருந்துக்கடைக்காரரை வரச் சொல்லி மேசையைக் கழற்றிக் கீழே இறக்கினோம். உன் கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, ஒரு நட்டு காணவில்லை, வேறு போட்டிருக்கிறேன். இறக்குவதற்கு முன்னால் விளக்குக்காரியை நானே கையில் எடுத்தேன். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி இருந்தது. உன் சட்டப்படி அவள் மேசையை விட்டுப் போய்விட்டாள், இரண்டு பேரும் தோற்றோம். தோற்றதாகவே இருக்கட்டும், அந்த ஆட்டம் முடிந்தது. 'தனி அறை' பதிவை அழிக்கவில்லை, புகார்ப் புத்தகத்தில் தாளைக் கிழிக்கக் கூடாது, அதன் கீழே 'அறை என்னுடையது அல்ல, என் மகளுடையது, கேட்காமல் எடுத்தேன்' என்று என் பெயரோடு எழுதிவிட்டேன். கேமராவை இன்னும் கழற்றவில்லை. நாளை ஏழு மணிப் படத்தில் உன் கட்டிலில் அம்மா உட்கார்ந்திருப்பாள், உன்னைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள், இந்தக் கடிதம் வருவதற்குள் நீ அதைப் பார்த்திருப்பாய், அதுதான் கடைசிப் படம். பிறகு இணைப்பைத் துண்டித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே. உயிரோடு இருக்கும்போதே நீ எங்கள் வீட்டில் ஆவியாக உலாவ வேண்டாம். படிப்பு பிடிக்கவில்லையா, வகுப்பில் எவனாவது எவளாவது நோகடித்தார்களா, பாடம் புரியவில்லையா, ஒன்றுமே இல்லாமல் வெறுமனே எழுந்திருக்க முடியவில்லையா, எதுவானாலும் சரி, நான் திட்ட மாட்டேன், ரிப்பேரும் செய்ய மாட்டேன். ஸ்டூலோடு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயில், செவ்வாய்க்கிழமை காலையில் உன் கதவைத் தட்டுவேன். திரும்பி வருகிறேன் என்றால் கூட்டி வருகிறேன், அங்கேயே இருக்கிறேன் என்றால் நானும் கொஞ்ச நாள் இருக்கிறேன், லீவு சொல்லிவிட்டேன்.

விளக்குக்காரியையும் கொண்டுவருகிறேன். மருந்துக்கடைக்காரர் ஒரு மாத்திரை டப்பா கொடுத்தார், பஞ்சு வைத்து, முகம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து மூடினேன். இன்று காலையில் கூரியருக்குக் கவர் தேடும்போது திறந்து பார்த்தேன், மல்லாந்து கிடந்தாள். பை குலுங்கியிருக்கும். பையை நேற்றிலிருந்து யாரும் தொடவில்லை, ஆனாலும் குலுங்கியிருக்கும், இதற்கு மேல் நான் யோசிக்கப் போவதில்லை. அவளுக்குக் கண் வைப்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய், மெல்லிய பிரஷ்ஷும் கறுப்புச் சாயமும் கொண்டுவருகிறேன்.

ஜன்னலைத் திற. இன்றைக்கு ஒருதரமாவது படியிறங்கித் தெருவில் போய் நில், பால் வாங்கு, யாரிடமாவது மணி என்ன என்று கேள். வேளைக்குச் சாப்பிடு. நீ எந்தப் படிப்பைப் படித்தாலும், படிக்காவிட்டாலும், நூறு வயசுக்கு நல்லா இரு. அம்மாவின் ஆசிகள் தனியாக, அவள் எழுத மாட்டேன் என்கிறாள், எழுதினால் காகிதம் நனையும் என்கிறாள். செவ்வாய்க்கிழமை, காலை எட்டுக்குள். மறக்காதே, உள்தாழ்ப்பாளை மட்டும் எடுத்து வை.

உன் அறையைக் காலி செய்துவிட்ட,
அப்பா